பதினேழாம் நாள்

சிங்கப்பூரில் ஒரு வீட்டில் சாவு விழுந்தால் அதைக் கண்டுபிடிக்க யாரும் உளவு பார்க்க வேண்டியதில்லை. புளோக்கின் கீழ்த்தளத்தில் தார்ப்பாய் கட்டி மேசை நாற்காலி போட்டுவிடுவார்கள். கார் நிறுத்துமிடத்திலிருந்து அம்புக்குறி போட்ட தாள்கள் வழி காட்டும். நம்மவர் வீடு என்றால் தமிழ் முரசில் ஒரு கட்டமும் வரும். அதில் படம், வயது, மனைவி, மக்கள், மருமக்கள், பேரப்பிள்ளைகள் பெயர் வரிசை எல்லாம் இருக்கும். நல்லுடல் எத்தனை மணிக்கு மண்டாய்க்குப் புறப்படுகிறது என்ற விவரமும், அதன் கீழே முகவரியும், பெரும்பாலும் ஒரு தொலைபேசி எண்ணும் இருக்கும். துக்கத்துக்கு வருகிறவர்கள் வழி தவறிவிடக் கூடாது என்றுதான் இத்தனையும். வழி தவறாமல் வேறு சிலரும் வந்து சேர்வார்கள் என்பது அப்பா போன பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது.

அப்பா 2014இல் இறந்தார். ஜூரோங் கப்பல் பட்டறைகளில் வெல்டிங் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கிளமெண்டியில் பத்தாவது மாடியில் ஒரு மூவறை வீடு. அதை வாங்கிய காலத்தில் மின்தூக்கி எல்லா மாடியிலும் நிற்காது. நிற்கிற மாடியில் இறங்கி மிச்சத்தைப் படியேற வேண்டும். அரிசி மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு அவர் ஏறி வருவதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நானும் தம்பியும். கடைசியில் மூச்சுதான் அவரைக் கைவிட்டது. நுரையீரல் கெட்டுப்போய் ஆஸ்பத்திரியில் பல வாரம் கிடந்தார்.

அங்கே, பக்கத்துக் கட்டில்காரரைப் பார்க்க வரும் ஓர் இளைஞர் அப்பாவுக்காகவும் ஜெபிக்கலாமா என்று கேட்டார். மிகவும் மரியாதையான பிள்ளை. அப்பா தலையை ஆட்டினார். அந்த இளைஞர் போன பிறகு, "நல்லது சொல்றவனை எதுக்கு வேணாங்கணும்" என்றார். அதில் யாருக்கும் ஒரு குறையும் இல்லை. அடுத்த முறை வந்தபோது அப்பா மருந்து மயக்கத்தில் இருந்தார். கண் பாதி மூடியிருந்தது. இளைஞர் காதருகே குனிந்து, நான் சொல்வதைத் திருப்பிச் சொல்லுங்கள் ஐயா என்று ஒரு வாக்கியத்தை ஆரம்பித்தார். அம்மா எழுந்து நின்றாள். "அவரு நல்லா முழிச்சிருக்கறப்ப வாங்க தம்பி. அப்ப அவரே பதில் சொல்லுவாரு." அந்தத் தம்பி அதன் பிறகு எங்கள் கட்டில் பக்கம் வரவில்லை.

இது ஒன்றும் புதிதல்ல என்று பிற்பாடு கிளமெண்டி மாலில் ஐந்தாம் மாடி நூலகத்தில் உட்கார்ந்து படித்தபோது தெரிந்தது. 1989 டிசம்பரில் சிங்கப்பூர் அரசாங்கம் சமய நல்லிணக்கம் பற்றி ஒரு வெள்ளை அறிக்கை வெளியிட்டது. சிராங்கூன் சாலைக் கோயில்களுக்குப் போகும் பக்தர்களிடம் கிறிஸ்துவப் பிரசாரகர்கள் துண்டறிக்கை கொடுத்தது அதில் இருக்கிறது. 1986இல் ஓர் இந்துக் கோயிலின் வாசலிலேயே கிறிஸ்துவக் கருத்தரங்குச் சுவரொட்டி ஒட்டியதும் இருக்கிறது. அந்தப் பட்டியலில் மருத்துவமனையும் வருகிறது. சில மருத்துவர்களும் மருத்துவ மாணவர்களும் சாகக் கிடக்கும் நோயாளிகளை மதம் மாற்ற முயன்றார்கள் என்றும், நோயாளியின் பலவீன நிலையையோ உறவினரின் மனத்தையோ அவர்கள் பொருட்படுத்தவில்லை என்றும் அரசாங்கமே எழுதி வைத்திருக்கிறது. நான் அப்போது பள்ளிக்கூடத்துப் பிள்ளை.

அப்பாவின் காரியங்கள் முறைப்படி நடந்தன. வாய்க்கரிசி, நெய்ப்பந்தம், மண்டாய், மறுநாள் சாம்பலைக் கடலில் கரைத்தது, பதினாறாம் நாள் கருமாதி. நம் வழக்கத்தில் பதினாறு நாளுக்கு எல்லாவற்றுக்கும் விதி இருக்கிறது. யார் கோடி போட வேண்டும், யார் தலைமுழுக வேண்டும், முதல் சோறு எந்த வீட்டிலிருந்து வர வேண்டும் எல்லாம் தெரியும். பெண்கள் கூடத்தில் பாய் போட்டுப் படுத்திருப்பார்கள். யாராவது அழ ஆரம்பித்தால் யாராவது சேர்ந்து அழுவார்கள். பதினேழாம் நாளுக்கு எந்த விதியும் கிடையாது. ஜொகூர் சித்தப்பா குடும்பம் பாலம் கடந்து போயிற்று. தம்பிக்கு வேலை. எனக்கு செங்காங்கில் வீடு, இரண்டு பிள்ளைகள், தீவின் மறுகோடி. வந்து என்னோடு இரு என்றால் அம்மா கேட்கவில்லை. எதிர்வீட்டு மலாய்க்கார அம்மா மட்டும் அந்த நோன்பு மாதம் முழுக்கப் பள்ளிவாசல் கஞ்சியை ஒரு டப்பாவில் ஊற்றிக் கதவில் மாட்டிவிட்டுப் போவார். மணிகூட அடிக்க மாட்டார்.

முதலில் வந்த ஆள் நம்மவர்தான். இதைச் சொல்லாமல் விட்டால் கதை ஒருபக்கமாகச் சாய்ந்துவிடும். ஏதோ ஓர் அறக்கட்டளையின் பெயர் சொல்லிக்கொண்டு, நெற்றி நிறைய விபூதியும் கக்கத்தில் பஞ்சாங்கமுமாக வந்தார். அப்பா இறந்த நேரத்தை எங்கேயோ விசாரித்து வைத்திருந்தார். அவிட்ட நட்சத்திரம், தனிஷ்டா பஞ்சமி, ஆறு மாசம் அடைப்பு என்றார். உயிர் பிரிந்த அறையைப் பூட்டி வைக்க வேண்டும், இல்லாவிட்டால் ரத்த உறவில் இன்னொரு உயிர் போகும் என்றார். மூவறை வீடு என்று இங்கே சொல்வது கூடத்தையும் சேர்த்துத்தான். அதில் ஒன்றைப் பூட்டினால் அம்மா எங்கே படுப்பாள்? அதற்கும் அவரிடம் வழி இருந்தது. ஒரு ஹோமம், சில ஆயிரம் வெள்ளி, அப்புறம் அறக்கட்டளையில் மாதச் சந்தா. அம்மா முழுதும் கேட்டுக்கொண்டாள். "அவரு ஆஸ்பத்திரியிலல்ல செத்தாரு? அந்த வார்டைப் பூட்டச் சொல்லி அவங்ககிட்ட பேசுங்க சாமி" என்றாள். காப்பி குடித்துவிட்டுப் போனார்.

இப்படிப் பேசிய அம்மாதான், சில வாரம் கழித்து, அந்தப் பெண்ணுக்குக் கதவைத் திறந்தாள்.

448ஆம் புளோக் ஈரச்சந்தையில் பார்த்திருக்கிறார்கள். முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்த அம்மாவிடம் இருபத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு தமிழ்ப் பெண் வந்து பேசியிருக்கிறாள். "ஆன்ட்டி, அங்கிள் தவறினப்ப உங்க புளோக் வழியாத்தான் நான் நடந்து போவேன். அந்தப் போட்டோவுல சிரிச்சுக்கிட்டே இருந்தாரு. இன்னும் ஞாபகம் இருக்கு." அவ்வளவுதான். காசு கேட்கவில்லை, சாமி பேச்சு எடுக்கவில்லை. பையைத் தூக்கிக்கொண்டு மின்தூக்கி வரை வந்திருக்கிறாள். அப்புறம் வாரம் ஒருமுறை வீட்டுக்கே வந்தாள். வரும்போது பிளாஸ்கில் இஞ்சி டீ.

அவள் என்ன கேட்டாள் என்பதை அம்மா எனக்குப் பல மாதம் கழித்துச் சொன்னாள். அங்கிள் எப்படி டீ குடிப்பார்? கல்யாணத்தின்போது அவருக்கு மீசை இருந்ததா? கோபம் வந்தால் கத்துவாரா, பேசாமல் இருப்பாரா? முதல் சம்பளத்தில் உங்களுக்கு என்ன வாங்கித் தந்தார்? இதையெல்லாம் கேட்டு முடிக்கவே பல வாரம் ஆகியிருக்கும். ஜோசியர் பயத்தைக் கொண்டு வந்தார், அம்மாவுக்குப் பயத்தை விரட்டத் தெரியும். இந்தப் பெண் கொண்டு வந்தது கேள்வி. "உங்கப்பா பேரைச் சொன்னா நான் அழுதுருவேன்னு எல்லாரும் அவரு பேரையே விட்டுட்டாங்க. சொந்தக்காரங்க போன் பண்ணா சாப்பிட்டியா, மாத்திரை போட்டியான்னுதான் பேச்சு. அந்தப் பொண்ணு ஒருத்திதான் அவரை இருந்த மனுசனாப் பேசினா" என்றாள் அம்மா.

துக்க வீட்டில் ஆள் பிடிக்கிறவர்களைப் பற்றி யார் பேசினாலும், ஏமாறுகிறவர்கள் பலவீனமானவர்கள், யோசிக்கத் தெரியாதவர்கள் என்கிற தொனி வந்துவிடுகிறது. எனக்கு அது பிடிப்பதில்லை. பதினைந்து நிமிடத்தில் ஜோசியரை அனுப்பிய மனுஷி யோசிக்கத் தெரியாதவள் இல்லை. அவளுக்கு ஒரு தேவை இருந்தது, அது நியாயமான தேவை, அதை அந்தப் பெண் ஒருத்திதான் தீர்த்தாள். அவர்களுடைய திறமை அங்கேதான் இருக்கிறது.

பிறகு 'பகிர்வு வட்டம்' என்றார்கள். ஓர் அலுவலகக் கட்டடத்தின் மாடியில் வாடகை அறை. வட்டமாக நாற்காலி, பிஸ்கட், டிஷ்யூ பெட்டி. கணவனை இழந்தவர்கள், பிள்ளையை இழந்தவர்கள், விவாகரத்தாகி வந்தவர்கள், வேலை போனவர் ஒருவர். ஆளுக்கொரு துணை. அம்மாவுக்கு அந்தப் பெண்தான் துணை. இரண்டு மாதம் அங்கே அழுகை மட்டும்தான். பிறகு அழுகைக்கு முன்னால் ஒரு சிறிய பாடம் வந்தது. பாடம் நீண்டு அழுகை சுருங்கியது. நோட்டுப் புத்தகம் கொடுத்தார்கள். உலகம் சீக்கிரம் முடியப் போகிறது என்றார்கள், உண்மை தெரிந்தவர்கள் கொஞ்சம் பேர்தான் என்றார்கள், இதைத் தெரிந்துகொண்டவர்கள் தங்களுடைய ஆட்களை மறுபடியும் பார்ப்பார்கள் என்றார்கள். "நம்ம அமைப்பு பேரு என்னம்மா?" என்று அம்மா கேட்டதற்கு, நாங்கள் பெயருக்கு முக்கியத்துவம் கொடுப்பதில்லை என்று பதில். பிள்ளைகளிடம் இப்போது சொல்ல வேண்டாம், அவர்களுக்குப் புரியாது, நேரம் வரும்போது நாங்களே சொல்கிறோம் என்றும் சொல்லியிருக்கிறார்கள்.

எனக்குத் தெரிந்ததெல்லாம், அம்மா எங்களிடம் எதையோ மறைக்கிறாள் என்பதுதான். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் கூப்பிட்டால் எடுக்க மாட்டாள். எங்கே போனாய் என்றால் தேக்கா என்பாள். தேக்கா போய் வந்தால் பூவோ வெற்றிலையோ இருக்க வேண்டும், ஒன்றும் இருக்காது.

மறுபடியும் பார்க்கலாம் என்று சொன்னதைப் பற்றி இப்போது அம்மா கிண்டலாகத்தான் பேசுவாள். "முப்பத்தொன்பது வருசம் பாத்தாச்சு. அங்கேயும் போயி அந்த மனுசனுக்கு டீ போடணுமா?" ஆனால் அந்த வாக்கியத்தைக் கேட்ட பிறகும் அவள் அங்கே போய்க்கொண்டுதான் இருந்தாள். அன்றைக்கு ராத்திரி தூங்கவில்லை என்பதையும் அவளே சொல்லியிருக்கிறாள்.

அவளை வெளியே கொண்டு வந்தது நானோ தம்பியோ இல்லை, இன்னொரு விதவை. அம்மா சேர்ந்த அதே நாளில் புதிதாகச் சேர்ந்ததாகச் சொன்ன ஓர் அம்மாள், அம்மாவின் பக்கத்து நாற்காலி. முதல் வாரத்தில் தன் வீட்டுக்காரர் மாரடைப்பில் போனார் என்று சொல்லி அழுதிருக்கிறார். சில மாதம் கழித்து வேறொருவர் ஈரல் நோயில் கணவனை இழந்து வந்தபோது, அதே அம்மாள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, என் வீட்டுக்காரருக்கும் ஈரல்தான், கடைசியில் கண்ணெல்லாம் மஞ்சள் என்றிருக்கிறார். அம்மா வீட்டுக்கு வந்து நோட்டுப் புத்தகத்தை எடுத்துப் பழைய செய்தித்தாளோடு கட்டிவிட்டாள். "புருசன் செத்ததுக்கு ரெண்டு காரணம் சொல்ற பொம்பளைய நான் பாத்ததேயில்லடி. எத்தனை தடவ சொன்னாலும் அந்தக் கதை மாறாது. என்னைக் கேளு, அன்னைக்கு நர்சு எந்தக் கலர் கிளிப்பு போட்டிருந்தான்னு சொல்லுவேன்."

புதியவர் மாதிரி உட்கார்ந்து, நமக்குப் பக்கத்தில் அழுது, பாடம் கேட்டுத் தலையாட்டி, நாம் சொல்வதை மேலிடத்துக்குச் சொல்லும் ஆட்கள். இந்த உத்தியை இன்னோர் இடத்தில், இன்னொரு பெயரில், 2020இல் பத்திரிகைகளில் படித்தேன். 1984இல் லீ மான் ஹீ என்பவர் தென்கொரியாவில் தொடங்கிய ஷின்சொன்ஜி கூட்டம் அது. தேகு நகரில் கொரோனா பரவியதை ஒட்டித்தான் உலகம் அதைக் கவனித்தது. பிடிக்கப்பட வேண்டியவர் அவர்கள் பாஷையில் 'கனி'. கனியின் பக்கத்தில் புதியவராக நடித்து உட்காருகிறவர் 'இலை'. சிங்கப்பூர் உள்துறை அமைச்சு அந்த ஆண்டு பிப்ரவரியில் இங்கே அவர்கள் ரகசியமாக இயங்குவதை விசாரிப்பதாக அறிவித்தது. முக்கியமான கொரியர்கள் ஐவரை ஏற்கெனவே திருப்பி அனுப்பியாகிவிட்டது என்றது. நவம்பரில் 21 பேர் கைதானார்கள். அம்மா போனது இவர்களிடம் இல்லை. அது வேறு கூட்டம், பாடம் வேறு, நாடும் வேறு. நாற்காலி போட்ட விதம் மட்டும் ஒன்று.

அம்மா வெளியே வந்த புதிதில் எனக்குக் கோபம் தாங்கவில்லை. வழக்கறிஞராக இருக்கும் பள்ளித் தோழியைப் பார்க்கப் போனேன். அவள் வரிசையாகக் கேட்டாள். பணம் வாங்கினார்களா? இன்னும் இல்லை. மிரட்டினார்களா? இல்லை. வேறு மதத்தைக் கேவலமாகப் பேசினார்களா? அம்மா கேட்கவில்லை. "அப்ப என்னடி புகார்? டீ கொண்டாந்து குடுத்தாங்கன்னா?"

அரசியல் சட்டத்தின் 15ஆவது பிரிவு ஒருவர் தன் மதத்தைக் கடைப்பிடிக்கவும் பரப்பவும் உரிமை தருகிறது. அதில் எனக்குச் சண்டை இல்லை. என் பெரிய அத்தை முப்பது வயதில், சுய நினைவோடு, எல்லோரிடமும் சொல்லிவிட்டுக் கிறிஸ்துவரானார். பொங்கலுக்கு இன்னும் எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. 1989 வெள்ளை அறிக்கைக்குப் பிறகு, 1990இல் சமய நல்லிணக்கப் பராமரிப்புச் சட்டம் நிறைவேறி 1992இல் நடைமுறைக்கு வந்தது. மதங்களுக்கிடையே பகை மூட்டுகிறவருக்குத் தடையாணை போட அது அமைச்சருக்கு அதிகாரம் கொடுத்தது. 2019இல் அதைத் திருத்தியபோது, அதுவரை ஒரு தடையாணைகூடப் போட வேண்டியிருக்கவில்லை என்று அரசாங்கம் பெருமையாகச் சொன்னது. பெருமைப்பட வேண்டியதுதான். ஆனால் அந்தச் சட்டத்தின் கண் கோயிலையும் பள்ளிவாசலையும் தேவாலயத்தையும்தான் பார்க்கிறது. ஒரு கூட்டம் இன்னொரு கூட்டத்தோடு மோதிவிடக் கூடாது, அவ்வளவுதான். 1972இல் யெகோவாவின் சாட்சிகளைப் பதிவு நீக்கியதும், 1982இல் மூன் என்பவர் தொடங்கிய ஒருங்கிணைப்புச் சபையைக் கலைத்ததும், 2020இல் 21 பேரைப் பிடித்ததும் பொது ஒழுங்கு, பதிவு செய்யாத சங்கம் என்ற கணக்கில்தான். ஒரு விதவையிடம் பெயரை மறைத்துப் பேசியது எந்தக் கணக்கிலும் இல்லை. மரணப் படுக்கையைப் பற்றி அறிக்கையில் அவ்வளவு தெளிவாக எழுதிய அரசாங்கம், சட்டம் எழுதும்போது படுக்கையில் இருந்தவரை மறந்துவிட்டது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

ஜப்பானுக்கு அந்த நினைப்பு வர ஒரு முன்னாள் பிரதமர் சாக வேண்டியிருந்தது. 2022 ஜூலை 8 அன்று நாரா நகரத்துத் தெருவில் ஷின்சோ அபேயைச் சுட்ட ஆளின் கதையை நான் திரும்பத் திரும்பப் படித்தேன். அரசியலுக்காக அல்ல, அந்த ஆளின் அம்மாவுக்காக. கணவர் தற்கொலை செய்துகொண்டார், மூத்த மகனுக்குத் தீராத நோய். அந்த நிலையில் ஒருங்கிணைப்புச் சபையில் சேர்ந்து சுமார் 10 கோடி யென் கொடுத்து, 2002இல் திவாலானார். அந்தச் சபையின் ஆட்கள் ஜப்பானில் துக்க வீடுகளுக்குப் போய், உங்கள் முன்னோர் நரகத்தில் துடிக்கிறார்கள், அதனால்தான் உங்களுக்கு இந்தக் கஷ்டம் என்று சொல்லிப் பெரிய விலைக்கு ஜாடிகளும் சிறு கோபுரங்களும் விற்றதை எதிர்த்து, 1987இலேயே வழக்கறிஞர்கள் ஒரு சங்கம் அமைத்துப் போராடிக்கொண்டிருந்தார்கள். முப்பத்தைந்து வருடம் யாரும் பெரிதாகக் காது கொடுக்கவில்லை. அபே இறந்து ஐந்தே மாதத்தில், டிசம்பரில், சட்டம் வந்தது. ஆவி, முன்னோர் பெயரைச் சொல்லி ஒருவரின் பயத்தைப் பயன்படுத்தி நன்கொடை வாங்குவது கூடாது, வாங்கினால் திருப்பிக் கேட்கலாம், அரசாங்கத்தின் உத்தரவை மீறினால் ஓராண்டு வரை சிறை. 2025 மார்ச்சில் தோக்கியோ நீதிமன்றம் அந்தச் சபையைக் கலைக்க உத்தரவிட்டது.

எங்கள் பஞ்சாங்கக்காரர் நினைவுக்கு வந்தார். ஜாடிக்குப் பதில் ஹோமம், முன்னோருக்குப் பதில் நட்சத்திரம். ஜப்பானியச் சட்டம் இங்கே இருந்தால் முதலில் மாட்டுகிறவர் அவராகத்தான் இருப்பார். ஆனால் டீ கொண்டு வந்த பெண்ணை அந்தச் சட்டத்தாலும் தொட முடியாது. அவள் பயம் எதுவும் காட்டவில்லை, பணமும் வாங்கவில்லை.

அந்தப் பெண்ணைப் பற்றி அம்மாவிடம் ஒரு வார்த்தை கடுமையாகப் பேச முடியாது. அவள் பாலிடெக்னிக்கில் படிக்கும்போது அம்மாவைப் பறிகொடுத்தவளாம். கேண்டீனில் தனியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தவளிடம் ஓர் அக்கா வந்து உட்கார்ந்திருக்கிறாள். அம்மா வைக்கிற ரசத்தைப் பற்றிக் கேட்டிருக்கிறாள். அப்புறம் வட்டம், பாடம். "அது நடிப்பில்லன்னு எப்படிம்மா சொல்ல முடியும்?" என்று கேட்டேன். அம்மா சொன்னாள், "அவ அம்மா செத்த கதைய எத்தனையோ தடவ கேட்டுட்டேன். ஒரு வார்த்த மாறல." தன்னிடம் செய்யப்பட்டதைத்தான் அவள் என் அம்மாவிடம் செய்தாள். அவளுக்கு அது சேவை. அவளுடைய துக்கம் நிஜமாக இருந்ததால்தான் அவளை வீடு வீடாக அனுப்பினார்கள். பொய் அழுகைக்காரிக்குப் பக்கத்து நாற்காலி போதும். கதவைத் திறக்க வைக்க நிஜமாக அழுதவள் வேண்டும்.

அம்மா போவதை நிறுத்திய பிறகு அந்தப் பெண் ஒருமுறை வந்தாள். அம்மா உள்ளே கூப்பிட்டுத் தோசை சுட்டுப் போட்டிருக்கிறாள். "உங்க கூட்டத்துக்குப் பேரு சொல்றதுன்னா வா. இல்லன்னா சாப்பிட மட்டும் வா" என்று சொல்லியிருக்கிறாள். பெண் அழுதாளாம். பெயர் சொல்லவில்லை, திரும்பி வரவுமில்லை. 2020 நவம்பரில் கைதுச் செய்தி வந்தபோது அம்மா தமிழ் முரசை மடித்து வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டாள். "அந்தப் பொண்ணு இதுல இருப்பாளா?" அது வேறு கூட்டம் அம்மா என்றேன். அரை மணி கழித்து மறுபடி கூப்பிட்டாள். "வேற கூட்டம்னா இவளை யாரும் தேட மாட்டாங்கல்ல?" பிடித்துவிடுவார்களோ என்ற பயத்தில் கேட்டாளா, மீட்க ஆளில்லையே என்று கேட்டாளா, எனக்கு விளங்கவில்லை.

அந்த வருடம்தான் சாவும் சுருங்கியது. ஏப்ரலில் ஊரடங்கு வந்தபோது துக்க வீட்டில் பத்துப் பேருக்கு மேல் இருக்கக் கூடாது என்றார்கள். கிளமெண்டியிலும் கீழ்த்தளத்தில் தார்ப்பாய் கட்டி, பத்து நாற்காலியை எட்ட எட்டப் போட்டார்கள், மிச்ச சொந்தமெல்லாம் கைப்பேசித் திரையில் அழுதது. ஏழாம் மாடியில் ஒரு தமிழ்க் குடும்பத்தில் அம்மாவுக்குப் பழக்கமில்லாத ஒரு பெரியவர் போனார். அந்த வீட்டுக்குப் பதினாறு நாளும் இல்லை. கருமாதிக்கு ஐயர் திரையில் வந்தார்.

கட்டுப்பாடு தளர்ந்ததும் அம்மா ஒரு டப்பாவில் முறுக்கை எடுத்துக்கொண்டு ஏழாம் மாடிக்குப் போனாள். அதிலிருந்து இது ஒரு பழக்கமாகிவிட்டது. எங்கள் புளோக்கிலும் அடுத்த புளோக்கிலும் தார்ப்பாய் பிரித்து மூன்று வாரமானால் அம்மா கிளம்பிவிடுவாள். சீனர் வீடு, மலாய்க்காரர் வீடு என்று பார்ப்பதில்லை. அவளுடைய சந்தை மலாய் எல்லோருக்கும் போதும். ஆறுதல் ஒன்றும் சொல்ல மாட்டாள். சொல்லத் தெரியாது என்பாள். படத்தைப் பார்த்து, இது எந்த வருசம் எடுத்தது, அவர் காப்பி குடிப்பாரா டீ குடிப்பாரா என்று ஆரம்பிப்பாள். இந்தக் கேள்விகளை எங்கே படித்தாள் என்பது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். நாங்கள் அதைப் பேசிக்கொள்வதில்லை.

போன வருடம் நான்காம் மாடியில் ஓர் அம்மாள் தனியாகிப் போனார். அம்மா இரண்டு வாரம் போய் வந்தாள். மூன்றாவது வாரம் கதவைத் திறந்தது அந்த அம்மாளின் மகள். புங்கோலிலிருந்து வேலைக்கு லீவு போட்டு வந்திருக்கிறாள். உள்ளே விடவில்லை. கம்பிக் கதவைப் பிடித்துக்கொண்டு, மரியாதையாகத்தான் கேட்டிருக்கிறாள்.

"தப்பா நினைச்சுக்காதீங்க ஆன்ட்டி. நீங்க எந்த அமைப்புலேர்ந்து வர்றீங்க?"

"பத்தாவது மாடியிலேர்ந்தும்மா" என்றாளாம் அம்மா.